கேமரா சென்சாரில் தூசி: வீட்டிலேயே துடைக்கலாமா, சர்வீஸுக்குக் கொடுக்கணுமா?

கேள்வி கேட்டவர் புதுச்சேரிக்காரர். செகண்ட் ஹேண்டில் ஒரு டிஎஸ்எல்ஆர் (லென்ஸுக்குப் பின்னால் மிரர் என்கிற முகம் பார்க்கும் கண்ணாடி வைத்த, லென்ஸ் மாற்றக்கூடிய கேமரா) வாங்கியிருக்கிறார். ராக் பீச்சில் விடியற்காலையில் எடுத்த படங்களில் வானம் முழுக்கச் சாம்பல் நிறப் புள்ளிகள் தெரிகின்றன, ஆனால் அதே கேமராவில் வீட்டுக்குள் குழந்தையை எடுத்தால் ஒன்றுமே தெரியவில்லை. மூக்குக்கண்ணாடி துடைக்கிற துணியை ஸ்பிரிட்டில் நனைத்து உள்ளே ஒரு துடை துடைத்துவிடலாமா என்று கேட்கிறார். அவர் உண்மையில் கேட்பது இரண்டு விஷயம் என்று எனக்குப் படுகிறது: இது சென்சாரில், அதாவது படம் பதிகிற சில்லில், இருக்கிற அழுக்குதானா, அப்படியென்றால் நான் கை வைத்தால் கெட்டுப்போகுமா? முதல் கேள்விக்கு உறுதியாகப் பதில் சொல்லலாம். இரண்டாவதற்குப் பதில், உள்ளே இருப்பது என்ன மாதிரி அழுக்கு என்பதைப் பொறுத்தது, அதனால்தான் இவ்வளவு நீளமாக எழுத வேண்டியிருக்கிறது.

நான் கடலூர்க்காரன், கல்யாண வேலைதான் தொழில், கூடவே இந்தப் பக்கத்துப் போட்டோகிராபர்கள் கொண்டுவந்து கொடுக்கிற பாடிகளை (லென்ஸ் இல்லாத வெறும் கேமராவை) ரொம்ப நாளாகச் சுத்தம் செய்து கொடுக்கிறேன். ஆனால் கம்பெனி டெக்னீஷியன் கிடையாது. பாடியைக் கழற்றி சென்சார் அசெம்பிளியைப் பிரிக்கிற வேலையை நான் தொடுவதில்லை, அது சம்பந்தமாக இங்கே எதுவும் சொல்லவும் மாட்டேன். லென்ஸைக் கழற்றினால் கண்ணுக்குத் தெரிகிற இடம் வரைக்கும்தான் என் எல்லை.

முதலில் ஒரு ஆறுதல். நாம் எல்லோரும் சென்சார் சென்சார் என்று சொன்னாலும், தூசி உட்கார்வது சென்சார் மேல் இல்லை. சென்சாருக்கு முன்னால் ஒரு கண்ணாடி அடுக்கு இருக்கிறது, அகச்சிவப்பு ஒளியைத் தடுக்கிற ஃபில்டர், பல கேமராக்களில் லோ பாஸ் ஃபில்டர், இதெல்லாம் சேர்ந்தது. அதன் மேல்பரப்பில்தான் தூசி ஒட்டுகிறது, நீங்கள் துடைக்கப்போவதும் அதைத்தான். ஆறுதல் இதோடு முடிந்தது, ஏனென்றால் அந்தக் கண்ணாடிக்கு மேல் மிக மெல்லிய பூச்சு இருக்கிறது. அது கீறிவிட்டால் அழித்துச் சரிசெய்ய வழியே இல்லை, ஃபில்டரையே மாற்ற வேண்டும், பழைய பாடி என்றால் அந்தச் செலவுக்கு இன்னொரு பழைய பாடியே வாங்கிவிடலாம்.

குழந்தை படத்தில் தெரியாமல் வானத்தில் மட்டும் தெரிவதற்குக் காரணமும் இந்த அடுக்குதான். தூசிக்கும் பிக்சலுக்கும் நடுவில் கொஞ்சம் இடைவெளி இருக்கிறது. டிஎஸ்எல்ஆரில் சுமார் 2 மில்லிமீட்டர் என்று வைத்துக்கொள்ளுங்கள். ஒவ்வொரு பிக்சலுக்கும் ஒளி ஒரு கூம்பாகத்தான் வந்து சேருகிறது, அபர்ச்சரை, அதாவது லென்ஸுக்குள் ஒளி வருகிற துளையைத் திறந்தால் கூம்பு அகலமாகும், மூடினால் குறுகும். எஃப் எண் கூடக்கூடத் துளை சின்னது. எஃப் 2.8-இல் அந்தக் கூம்பு தூசி இருக்கிற மட்டத்தில் ஏறக்குறைய 0.7 மில்லிமீட்டர் அகலம் இருக்கும், எஃப் 22-இல் 0.1 மில்லிமீட்டர்கூட இருக்காது. 0.05 மில்லிமீட்டர் தூசி ஒன்று முதல் கூம்பில் விழுந்தால் ஒளியில் அரை சதவீதம்தான் குறையும், யார் கண்ணுக்கும் படாது. அதே தூசி எஃப் 22 கூம்பில் விழுந்தால் மூன்றில் ஒரு பங்கு ஒளியை மறைத்துவிடும். வீட்டுக்குள் வெளிச்சம் பத்தாது என்று அபர்ச்சரைத் திறந்து வைத்திருப்பீர்கள், கடற்கரையில் சூரியனை எதிர்த்து எடுக்கும்போது எஃப் 16-க்குப் போயிருப்பீர்கள். அவ்வளவுதான் வித்தியாசம். தூசி இரண்டு படத்திலும் அதே இடத்தில்தான் இருந்தது.

அதனால் முதலில் ஒரு சோதனைப் படம் எடுங்கள். ஐஎஸ்ஓ 100, அபர்ச்சர் எஃப் 16, ஃபோகஸை மேனுவலுக்கு மாற்றி இன்ஃபினிட்டியில் வையுங்கள், வெள்ளைச் சுவரையோ லேப்டாப்பில் திறந்த வெற்று வெள்ளைப் பக்கத்தையோ ஃபிரேம் நிறையப் பக்கத்தில் போய் எடுங்கள். எக்ஸ்போஷர் ஒரு ஸ்டாப் கூட்டி (ஒளியை இரண்டு மடங்காக்கி) வைத்தால் நல்லது. ஷட்டர் ஒரு வினாடி, இரண்டு வினாடி என்று போனாலும் கவலை வேண்டாம், சொல்லப்போனால் கேமராவை லேசாக ஆட்டிக்கொண்டே எடுங்கள். சுவரில் இருக்கிற கறை கலைந்து போகும், சென்சாரோடு சேர்ந்து நகர்கிற தூசி மட்டும் அப்படியே நிற்கும். பிறகு லென்ஸை மாற்றி இன்னொரு படம். இரண்டிலும் அதே இடத்தில் புள்ளி இருந்தால் அழுக்கு பாடிக்குள்தான், சந்தேகமே வேண்டாம். வியூஃபைண்டரில் தெரிந்து படத்தில் தெரியாத புள்ளி என்றால் அது மிரரிலோ, வியூஃபைண்டருக்குப் படம் காட்டுகிற ஃபோகசிங் ஸ்கிரீனிலோ இருக்கிறது, படத்துக்கு எந்தக் கெடுதலும் இல்லை, விட்டுவிடுங்கள். ஃபோகசிங் ஸ்கிரீனைத் துடைக்கப் போய் கீறிவிட்டு வருகிறவர்கள்தான் அதிகம். இருட்டில் நீண்ட எக்ஸ்போஷரில் மட்டும் பளிச்சென்று தெரிகிற சிவப்பு, நீலப் புள்ளி ஹாட் பிக்சல், அதாவது சென்சாரிலேயே கோளாறான பிக்சல், அதை எந்தத் துணியாலும் துடைக்க முடியாது.

சோதனைப் படத்தை நூறு சதவீதத்துக்குப் பெரிதாக்கி ஒவ்வொரு புள்ளியையும் நிதானமாகப் பாருங்கள். இந்த வேலையில் பாதி இங்கேதான் இருக்கிறது, ஆனால் யாரும் இதைச் செய்வதில்லை. ஓரம் மங்கலான சாம்பல் பொட்டு என்றால் சாதாரணத் தூசி. சுருண்ட கோடு என்றால் நூல் இழை, துணியிலிருந்து வந்தது. ஓரம் கருத்து நடு மட்டும் கொஞ்சம் வெளுத்த வட்டம், அதுவும் ஒரு மூலையில் கூட்டமாக இருந்தால், ஷட்டர் பக்கத்திலிருந்து தெறித்த எண்ணெய் என்று சந்தேகப்படலாம். வளையம் மாதிரி இருந்தால் ஈரம் காய்ந்த தடம். நேர்கோடாக, ஒரு பக்கம் கருப்பும் இன்னொரு பக்கம் வெளுப்புமாக இருந்தால் அது கீறல், முன்னாடி வைத்திருந்தவர் செய்த வேலை. செகண்ட் ஹேண்டில் வாங்குகிறவர்கள் பணம் கொடுப்பதற்கு முன்னாலேயே இந்தச் சோதனையைச் செய்வது நல்லது. படத்தில் மேலே இடது மூலையில் தெரிகிற புள்ளி, கேமராவை நிமிர்த்தி அதன் முகம் உங்களைப் பார்க்கிறபடி வைத்து உள்ளே பார்த்தால் கீழே இடது மூலையில் இருக்கும். மேல் கீழ் மட்டும்தான் மாறும், இடம் வலம் மாறாது. இது தெரியாமல் எதிர்மூலையைத் தேய்த்துக்கொண்டிருக்கிறவர்களைப் பார்த்திருக்கிறேன்.

இப்போது நம்ம ஊர் விஷயத்துக்கு வருகிறேன். இணையத்தில் கிடைக்கிற பாடங்களில் பெரும்பாலானவை குளிர்ந்த, வறண்ட ஊர்க்காரர்கள் செய்தவை. அவர்களுக்கு முக்கியமான எதிரி கம்பளி இழையும் ஸ்டாட்டிக்கும். நமக்கு மணலும் உப்பும். கடலூர் சில்வர் பீச்சிலோ பாரடைஸ் பீச்சிலோ மத்தியானத்துக்கு மேல் கடல்காற்று ஏறினதும் லென்ஸ் மாற்றினால் உள்ளே போவது பொடி மணல். மணலில் பெரும்பகுதி குவார்ட்ஸ், அதன் கடினம் மோஸ் அளவில் 7, சாதாரணக் கண்ணாடி 6-க்குள்தான். அப்படியென்றால் ஒரே ஒரு மணல் துகளைத் துணிக்கு அடியில் வைத்து இழுத்தால் போதும், கோடு விழுந்துவிடும். துணி எவ்வளவு மென்மை, திரவம் எவ்வளவு சுத்தம் என்பதெல்லாம் அதற்கு அப்புறம். சென்சார் துடைப்பதில் இருக்கிற உண்மையான ஆபத்து இது ஒன்றுதான் என்றே சொல்வேன், மற்றதெல்லாம் கறை, அதைத் திரும்பத் துடைத்து எடுத்துவிடலாம்.

ஆரோவில் பக்கம் எடுக்கிறவர்களுக்குச் செம்மண். அது மாவு மாதிரி நுண்ணியது, பைக்குள், ஜிப்புக்குள், லென்ஸ் மவுண்ட் வளையத்துக்குள் எல்லாம் புகுந்துவிடும், ஈரம் பட்டால் பிடித்துக்கொள்ளும். எங்களை மாதிரி மண்டபத்தில் வேலை செய்கிறவர்களுக்கு ஹோமப் புகை. முகூர்த்த நேரத்தில் ஐயர் நெய் விட விட, மேடைக்குப் பக்கத்தில் நின்று ஜூம் லென்ஸை நீட்டிச் சுருக்கிக்கொண்டிருப்போம். நீட்டும்போது லென்ஸ் வெளிக்காற்றை உள்ளே இழுக்கிறது, அந்தப் புகையோடும் அட்சதை மஞ்சளோடும் சேர்த்து. அந்த சீசன் முடிந்து வருகிற பாடிகளை டார்ச் வெளிச்சத்தில் சாய்த்துப் பார்த்தால், தூசியெல்லாம் ஒரு மெல்லிய பிசுக்கில் பதிந்து நிற்கும், ப்ளோயரால் (கையால் அழுத்திக் காற்று ஊதுகிற ரப்பர் பந்தால்) எவ்வளவு அடித்தாலும் அசையாது. ஹோமத்துக்குப் பக்கத்தில் நிற்கும்போது லென்ஸ் மாற்றாமல் இரண்டு பாடி வைத்துக்கொள்வது கெத்துக்காக மட்டும் இல்லை.

சரி, எதைச் செய்யக் கூடாது. மூக்குக்கண்ணாடித் துணி வேண்டாம், அது எத்தனை முறை முகத்து எண்ணெயைத் துடைத்திருக்கிறது என்று உங்களுக்கே தெரியும், போதாததற்கு நடுவில் மணல் சிக்கியிருந்தால் கண்ணுக்குத் தெரியாது. மருந்துக்கடை ஸ்பிரிட் வேண்டாம், அது சுத்த ஆல்கஹால் இல்லை, உலர்ந்தபின் படலம் விடும். ஹேண்ட் சானிடைசரில் கிளிசரின் இருக்கிறது, அதுவும் வேண்டாம். காது குடையும் பட்ஸ் இழை விடும். வாயால் ஊதக் கூடாது, எச்சில் தெறித்துக் காய்ந்த கேமராக்கள் எனக்கு வருவதில் கணிசம். கேனில் வருகிற அழுத்தக் காற்றும் கூடாது, அதைச் சாய்த்தால் உள்ளே இருக்கிற திரவம் சீறி வந்து கண்ணாடியில் உறைந்துபோகும். டூவீலர் பஞ்சர் கடை கம்ப்ரஸரில் ஒரு அடி அடித்துக்கொண்டு வந்தேன் அண்ணே என்று ஒரு தம்பி சொன்னார். கம்ப்ரஸர் காற்றில் எண்ணெயும் தண்ணீரும் கலந்து வரும், அது போக ஷட்டர் தகடுகள் காகிதம்போல மெலிசு, அந்த வேகத்தில் மடங்கிவிடும்.

செய்ய வேண்டியது முதலில் கேமராவின் சொந்த வேலையை அதையே செய்யவிடுவது. மெனுவில் சென்சார் கிளீனிங் என்று இருந்தால் நாலைந்து முறை ஓட்டுங்கள். ஃபில்டரை மிக வேகமாக அதிரவைத்துத் தூசியை உதறுகிற இந்த ஏற்பாட்டை 2003-இல் ஒலிம்பஸ் இ-1 கேமராவில் கொண்டுவந்தார்கள், கேனான் 2006-இல் 400டி-யில் சேர்த்தது. காய்ந்த தூசிக்கு இது நன்றாகவே வேலை செய்யும், பிசுக்குக்கும் உப்புக்கும் செய்யாது. உங்கள் பாடி அதைவிடப் பழசு என்றால் இந்த வசதியே இருக்காது.

அடுத்தது ப்ளோயர். ராக்கெட் வடிவத்தில் வருகிற ரப்பர் ப்ளோயர், பின்பக்கம் தனியாகக் காற்று இழுக்கிற வால்வு இருப்பதாகப் பார்த்து வாங்குங்கள், இல்லையென்றால் ஊதின தூசியையே திரும்ப உறிஞ்சி அடிக்கும். புதிதாக வாங்கினதும் வெறும் காற்றில் இருபது முப்பது முறை அழுத்துங்கள், உள்ளே ரப்பர் பொடி இருக்கும். டிஎஸ்எல்ஆரில் பேட்டரி முழுதாக சார்ஜ் ஏற்றிவிட்டு, மெனுவில் கையால் சுத்தம் செய்வதற்கென்று இருக்கிற ஆப்ஷனைத் தேர்ந்தெடுங்கள், மிரர் மேலே போய் ஷட்டர் திறந்து அப்படியே நிற்கும். பட்டனை அழுத்தியிருக்கிற வரை மட்டும் திறந்திருக்கிற பல்ப் மோடில் ஷட்டரைத் திறந்துவைத்துக்கொண்டு இந்த வேலை செய்யக் கூடாது, விரல் நழுவினால் மிரரும் ஷட்டரும் ப்ளோயர் முனை மேலேயே வந்து விழும். பேட்டரி தீர்ந்தாலும் அதே கதி. கேமராவின் வாய் தரையைப் பார்க்கிறபடி பிடித்து, கீழேயிருந்து மேல்நோக்கி ஊதுங்கள், விழுகிற தூசி வெளியே விழட்டும். முனை மவுண்ட் வளையத்தைத் தாண்டி உள்ளே போகவே கூடாது. பத்துப் பதினைந்து நல்ல அழுத்தம், அப்புறம் லென்ஸ் மாட்டி மறுபடி சோதனைப் படம்.

எனக்கு வருகிற கேமராக்களில் பாதிக்கு மேல் இந்த இடத்திலேயே வேலை முடிந்துவிடும். ஒன்றிரண்டு புள்ளி மிச்சமிருக்கிறது, நீங்கள் பெரும்பாலும் எஃப் 5.6-க்கு மேல் மூடாதவர் என்றால் இதோடு நிறுத்திவிடுங்கள் என்றுதான் சொல்வேன். லைட்ரூம் என்கிற படம் திருத்தும் மென்பொருளில் ஒரு படத்தில் புள்ளியை அழித்துவிட்டு அதே திருத்தத்தை அன்று எடுத்த எல்லாப் படங்களுக்கும் ஏற்றலாம், தூசி இடம் மாறாது என்பது இங்கே வசதி. கேனானில் டஸ்ட் டிலீட் டேட்டா என்றும், நிக்கானில் டஸ்ட் ஆஃப் ரெஃபரன்ஸ் என்றும் ஒரு வசதி உண்டு, தூசி வரைபடத்தை ஒருமுறை பதிந்துகொண்டு அந்தந்தக் கம்பெனியின் மென்பொருளில் அழிக்கலாம். புள்ளியே இல்லாத சென்சார் என்று ஒன்று கிடையாது, இன்று துடைத்தால் நாளைக்கு முதல் புள்ளி வரும்.

ஊதியும் போகவில்லை, புள்ளி நிறைய, படம் பெரிதாகப் பிரிண்ட் போக வேண்டும் என்றால் ஈர ஸ்வாப், அதாவது நுனியில் துணி சுற்றிய தட்டையான குச்சியில் திரவம் விட்டுத் துடைப்பது. ஸ்வாப் அகலம் சென்சார் உயரத்துக்குப் பொருந்த வேண்டும்: ஃபுல் ஃபிரேம் 36-க்கு 24 மில்லிமீட்டர், அதற்கு 24 மில்லிமீட்டர் ஸ்வாப். அதைவிடச் சின்னதான கிராப் சென்சாருக்கு 16 மில்லிமீட்டர் ஸ்வாப். அகலமான ஸ்வாப்பைச் சின்னச் சென்சாரில் திணித்தால் ஓரத்தில் இருக்கிற கிரீஸை எடுத்து நடுவில் பூசிவிடும். தனித்தனியாக உறையிட்டு வருவதை மட்டும் வாங்குங்கள், ஒரு ஸ்வாப் ஒரு தரம்தான், துவைத்து மறுபடி பயன்படுத்துகிற வேலை வேண்டாம்.

இடம் முக்கியம். வீட்டிலேயே சின்ன அறை, தரையை ஈரத்துணியால் துடைத்துவிட்டு அரைமணி நேரம் கதவை மூடி வையுங்கள். சீலிங் ஃபேனை நிறுத்தியே ஆகவேண்டும், அதன் இறக்கை மேல் இருக்கிற தூசியைப் பார்த்திருப்பீர்கள். ஃபேனை நிறுத்தினால் புதுச்சேரி மே மாதத்தில் என்ன ஆகும் என்றும் தெரியும். குனிந்து பார்த்துக்கொண்டிருக்கும்போது நெற்றியிலிருந்து ஒரு சொட்டு வியர்வை நேராக ஃபில்டர் மேல் விழுந்தால் அதற்கு அப்புறம் நாள் முழுக்க அதுதான் வேலை. விடியற்காலையில் செய்யுங்கள், தலையில் ஒரு துண்டைக் கட்டிக்கொள்ளுங்கள், சிரிப்பாக இருந்தாலும் நான் அப்படித்தான் செய்கிறேன். ஏசி அறையென்றால் காற்று நேராக அடிக்காத மூலையில் உட்காருங்கள். நூல் விடாத சட்டை, பவுடர் போடாத கை.

கேமராவை மல்லாக்க வைத்து, செல்போன் டார்ச்சைப் பக்கவாட்டில் மிகச் சாய்வாகப் பிடித்து, ஒரு பூதக்கண்ணாடியால் உள்ளே பாருங்கள். நேராக வெளிச்சம் அடித்தால் ஒன்றும் தெரியாது, சாய்த்தால் ஒவ்வொரு துகளும் மினுங்கும். மணல் மாதிரி கூர்மையாக மினுங்குகிற துகள் ஒன்று இருந்தால்கூட ஸ்வாப்பை எடுக்காதீர்கள், மறுபடி கவிழ்த்து ஊதுங்கள். அது போன பிறகு ஸ்வாப் நுனியில் இரண்டு சொட்டு, மூன்றுகூட வேண்டாம், திரவம் விட்டுச் சில நொடி ஊறவிடுங்கள். சொட்டுகிற ஈரம் இருந்தால் திரவம் ஃபில்டரின் ஓரத்தில் இறங்கிவிடும். ஒரு ஓரத்தில் வைத்து, ஸ்வாப்பின் நுனி லேசாக வளைகிற அளவு மட்டும் அழுத்தி, நிற்காமல் மறு ஓரம் வரை ஒரே இழுப்பு. அப்படியே மறுபக்கம் திருப்பித் திரும்பி வருகிற ஒரே இழுப்பு. முடிந்தது, ஸ்வாப் குப்பைக்கு. முன்னும் பின்னும் தேய்ப்பது, பிடிவாதமான புள்ளியை வட்டமாக உரசுவது எல்லாம் கூடாது. சோதனைப் படம் எடுத்துப் பார்த்துவிட்டு வேண்டுமானால் இன்னொரு ஸ்வாப், அதற்கும் போகாவிட்டால் மூன்றாவது. அதோடு விட்டுவிடுங்கள், நாலாவதில் போகிற அழுக்கு அபூர்வம், பதற்றத்தில் அழுத்தம் கூடுவதுதான் மிச்சம்.

கடலோரத்துக்காரர்கள் கவனிக்க வேண்டிய ஒன்று இங்கே இருக்கிறது, வெளியூர்ப் பாடங்களில் இதை நான் அதிகம் பார்த்ததில்லை. சென்சார் திரவங்களில் பிரபலமானவை சில சுத்த மெத்தனால். சீக்கிரம் உலரும், கோடு விழாது, எண்ணெய்ப் பிசுக்கை எடுக்கும். ஆனால் உப்பு ஆல்கஹாலில் சரியாகக் கரையாது, மெத்தனாலில் ஏதோ கொஞ்சம், ஐசோப்ரோப்பைலில் அதுவும் இல்லை. பிச்சாவரத்தில் படகில் போகும்போது துடுப்பு தெறித்த தண்ணீரோ, அலைச்சாரலோ உள்ளே பட்டுக் காய்ந்திருந்தால், மெத்தனால் ஸ்வாப் அந்த உப்புத் துகளைக் கரைக்காமல் இழுத்துக்கொண்டு போகும். வளையம் மாதிரி தடம் தெரிந்தால் தண்ணீர் அடிப்படையிலான சென்சார் திரவத்தைத்தான் முதலில் எடுப்பேன், மேலே வைத்து ஒரு நொடி ஈரம் படவிட்டு மெல்ல இழுப்பேன், அதன் பிறகு கோடு போக ஆல்கஹால் ஸ்வாப் ஒன்று. இன்னொன்று, மெத்தனால் விஷம், தீப்பிடிக்கும். குழந்தை இருக்கிற வீடு என்றீர்கள், பூட்டி வையுங்கள், சாமி விளக்குக்குப் பக்கத்தில் வைத்து வேலை செய்யாதீர்கள்.

இதுவரை சொன்னது எனக்கு உறுதியானது. இனிமேல் சொல்வதில் ஆளுக்கு ஒரு கருத்து உண்டு. ஒட்டும் ஜெல் குச்சியை ஃபில்டரில் வைத்து எடுத்தால் தூசி அதோடு வந்துவிடும். இழுப்பே இல்லாததால் மணலுக்கு இது ஸ்வாப்பைவிடப் பாதுகாப்பு என்பது என் எண்ணம். ஆனால் மலிவான போலிகள் பிசினை விட்டுவிடுகின்றன, நல்ல குச்சியேகூடச் சில பாடிகளில் தடம் விடுகிறது என்ற புகார்களும் உண்டு. எண்ணெய் இருக்கிற சென்சாரில் வைத்தால் குச்சியும் வீண், சென்சாரும் அழுக்கு. ஸ்டாட்டிக் ஏற்றுகிற பிரஷ்ஷை வறண்ட ஊர்க்காரர்கள் கொண்டாடுகிறார்கள். நம் ஈரக் காற்றில் அது சார்ஜ் பிடிப்பதே குறைவு, ஒருமுறை கிரீஸில் பட்ட பிரஷ் அதற்கப்புறம் கிரீஸ் பூசுகிற பிரஷ்தான், நான் வைத்துக்கொள்வதில்லை. கேமரா ஆனில் இருந்தால் சென்சார் தூசியை இழுக்கும், அதனால் ஆஃப் செய்துவிட்டு லென்ஸ் மாற்றணும் என்பார்கள். ஆஃப் செய்வது நல்ல பழக்கம்தான், ஆனால் அதனால் தூசி குறைகிறது என்பதை நான் பெரிதாக நம்பவில்லை.

மிரர்லெஸ் (உள்ளே மிரர் இல்லாத கேமரா) வைத்திருப்பவர்களும் இதைப் படிப்பார்கள் என்பதால் ஒரு வார்த்தை. லென்ஸைக் கழற்றினதும் சென்சார் வெட்டவெளியில் நிற்கும் பாடிகளில் தூசி சீக்கிரம் சேரும், ஊதுவதும் சுலபம். கேனான் ஆர் வரிசையில் சில பாடிகளில் ஆஃப் செய்தால் ஷட்டர் மூடிக்கொள்ளும். அதைச் சென்சார் என்று நினைத்துத் துடைக்கப் போகாதீர்கள், விரல் நுனி பட்டாலே அந்தத் தகடு போச்சு. பாடிக்குள்ளேயே ஸ்டெபிலைசேஷன் (கை நடுக்கத்தை ஈடுகட்டுகிற அமைப்பு) இருந்தால் சென்சார் மிதந்துகொண்டிருக்கும், ஸ்வாப் வைத்தால் நகரும், அழுத்தினால் அந்த அமைப்பே பழுதாகலாம். கையேட்டில் அந்த மாடலுக்கு என்ன முறை சொல்லியிருக்கிறது என்று பார்த்துவிட்டுத்தான் தொட வேண்டும், முதல்முறை துடைக்கிறவருக்கு அந்த மாதிரிப் பாடி வேண்டாம் என்பேன்.

துடைத்த சில வாரத்திலேயே அதே மூலையில் அதே மாதிரி புள்ளிகள் வந்தால், வெளித்தூசி இல்லை, கேமராவே தெறிக்கிறது என்று பொருள். 2012-இல் வந்த நிக்கான் டி600 இதற்குப் பெயர்போனது. கம்பெனியே 2013-இல் அதைப் பற்றி அறிவிப்பு விட்டது, அதே வருஷம் டி610-ஐக் கொண்டுவந்தது, பிறகு இலவசமாக ஷட்டரை மாற்றியும் கொடுத்தது. செகண்ட் ஹேண்ட் சந்தையில் டி600 இன்னும் சுற்றுகிறது, உங்களுடையது அதுவென்றால் ஷட்டர் மாற்றியதா என்று விற்றவரைக் கேளுங்கள். கிளை கிளையாகச் சிலந்திவலை போலத் தெரிந்தால் பூஞ்சை, அது நம் ஐப்பசி கார்த்திகை மழைக்குப் பிறகு லென்ஸில் வருவது சகஜம், ஃபில்டரில் வருவது குறைவு, வந்தால் வீட்டில் கை வைக்காதீர்கள்.

தூசி வராமலே இருக்க முடியாது, குறைக்கலாம். கடற்கரையில் லென்ஸ் மாற்றாதீர்கள், மாற்றியே ஆகவேண்டும் என்றால் காருக்குள் போங்கள், இல்லாவிட்டால் காற்றுக்கு முதுகைக் காட்டி, பாடி வாயைக் கீழே கவிழ்த்துப் பிடித்து மாற்றுங்கள். பாடி மூடியையும் லென்ஸின் பின்மூடியையும் அவ்வப்போது சோப்புத் தண்ணீரில் கழுவி நன்றாகக் காயவையுங்கள், பல பேருக்குச் சென்சார் தூசி அந்த மூடியிலிருந்துதான் வருகிறது. ஏசி அறையிலிருந்து எடுத்ததும் கேமராவைத் திறந்து வெளியே கொண்டுபோகாதீர்கள். ஈரம் வேர்த்து, இருந்த தூசியைக் கண்ணாடியோடு ஒட்டவைத்துவிடும். பைக்குள்ளேயே மூடி அரைமணி விடுங்கள். வீட்டில் காற்று புகாத பிளாஸ்டிக் டப்பாவில் சிலிக்கா ஜெல்லோடு வைத்தால் போதும், வசதி இருந்தால் டிரை கேபினட்டில் 40 முதல் 50 சதவீத ஈரப்பதம்.

உங்கள் கேமராவுக்கு என் பதில்: சோதனைப் படம் எடுங்கள், கிளீனிங் ஓட்டுங்கள், ப்ளோயர் அடியுங்கள், மறுபடி எடுத்துப் பாருங்கள். வெறும் சாம்பல் பொட்டுகள் மிச்சம் என்றால், கை நடுக்கம் இல்லாதவர் என்றால், ஸ்வாப்பை நீங்களே செய்யலாம். வளையம், எண்ணெய், மினுங்குகிற மணல், கீறல் சந்தேகம் இதில் எது இருந்தாலும் சென்னைக்குக் கொண்டுபோய்விடுங்கள், பெரிய கம்பெனிகளுக்கு அங்கே அங்கீகாரம் பெற்ற சர்வீஸ் சென்டர் இருக்கிறது. கூரியரில் அனுப்புவதைவிட பஸ் ஏறி நேரில் போவது நல்லது. மெமரி கார்டையும் ஸ்ட்ராப்பையும் கழற்றிவிட்டு, நீங்கள் எடுத்த சோதனைப் படத்தை போனில் கொண்டுபோய்க் காட்டுங்கள், இந்தக் கீறல் முன்பே இருந்ததா இல்லையா என்ற பேச்சு பின்னால் வராது. வேலை முடிந்து காட்டுகிற படத்தை எஃப் 16-இல் எடுக்கச் சொல்லிவிட்டு அப்புறம் பணம் கொடுங்கள், எஃப் 4-இல் எடுத்துக் காட்டினால் எந்தச் சென்சாரும் சுத்தமாகத்தான் தெரியும்.